மிளகாய் மில்லுக்கு மேலே ஒரு விவாகரத்து ஆபீஸ்

யாரும் சந்தோஷமாகப் படியேறி வராத ஒரு கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வியாபாரம் ஓஹோ என்று நடக்க வேண்டும் என்று தினமும் சாமி கும்பிடுகிறவள்தான் விவாகரத்து வக்கீல்.

வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் ஒரே ஒரு அறை எடுத்து போர்டு மாட்டினேன். கீழே மாவு மில். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் அங்கேதான் அரைபடும். வாடகை ஏன் அவ்வளவு சல்லிசு என்பது, அவர்கள் முதல் தடவை மிளகாய் கொட்டியபோதுதான் எனக்கு விளங்கியது.

வருகிறவர்கள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்ததுமே கண்ணீர் விட்டார்கள். 'அடடா, நம்மைக் கண்டதும் மனசைத் திறந்து கொட்டுகிறார்களே, என்ன முகராசி நமக்கு' என்று நான் பூரித்துப் போயிருந்தேன். ஒரு நாள் கரண்ட் பில் கொண்டுவந்த ஆளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேம்பினார். அன்றோடு அந்தப் பெருமை போயிற்று. என் டைப்பிஸ்ட் பிலோமினா அக்கா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே சொன்னார்: "மிஸ், அந்த ஜன்னலைச் சாத்துங்க. பாதிக் கேஸ் குறைஞ்சிடும்."

என் தகுதிக் குறைவு

வசந்தா முதல் முறை வந்தபோது தனியாக வரவில்லை. நம்மவர்களில் யார்தான் வக்கீலைப் பார்க்கத் தனியாக வருவார்கள்? பெண் பார்க்கப் போகிற மாதிரி கூட்டமாகத்தான் வருவார்கள். கூட வந்தவர்கள் அவருடைய அண்ணன் கோவிந்தனும் அண்ணியும். கோவிந்தன் டாக்சி ஓட்டுகிறவர். சிங்கப்பூரில் எந்த வக்கீல் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி. நிறையப் பேரைப் பார்த்துவிட்டு, யாரும் பிடிக்காமல் கடைசியாகத்தான் என்னிடம் வந்திருந்தார்.

விஷயம் இதுதான். வசந்தாவின் கணவர் பாலு செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர். வீட்டில் சண்டை வந்தால் முறுக்கிக்கொண்டு, மலேசியாவுக்குப் போகும் கடல் பாலமான காஸ்வேயைத் தாண்டி ஜோகூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். கோபம் ஆறியதும் வருவார். ஒரு தடவை போனவர் வரவே இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. வேலைக்கு மட்டும் தினமும் காஸ்வே தாண்டி வந்துபோய்க்கொண்டிருந்தார். வசந்தா புக்கிட் மேராவில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை பார்த்தார். மகள் செல்வி அப்போதுதான் பிரைமரி ஒன்று. பாலுவின் அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. செல்வியை நான்தான் வளர்ப்பேன் என்று அந்த அம்மாள் ஒற்றைக் காலில் நின்றார். புருஷன் போனால் போகட்டும், பிள்ளை போய்விடக் கூடாது. வசந்தாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கோவிந்தன் என்னை இன்டர்வியூ எடுக்க ஆரம்பித்தார். "கோர்ட்டுல கத்துவீங்களா? டவுன்ல ஒரு லாயரைப் பார்த்தோம். அவர் சும்மா பேசினாலே கீழ கோப்பிக்கடை வரைக்கும் கேக்குது லா" என்றார். தேவைப்பட்டால் நானும் கத்துவேன் என்று சொன்னேன். மில் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. அடுத்து, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று அண்ணி விசாரித்தார். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தன் எழுந்தே விட்டார். "கல்யாணமே ஆகாதவங்களுக்கு டைவர்ஸைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த வசந்தா அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார்: "எல்லாம் ஆனவங்க பேச்சைக் கேட்டுத்தாண்ணே நான் இந்த நிலைமையில இருக்கேன். இவங்களே இருக்கட்டும்."

நல்ல நேரம்

மனுவில் எழுதியிருப்பது உண்மைதான் என்று ஓர் அதிகாரி முன்னால் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வசந்தாவையும் அண்ணியையும் அழைத்துக்கொண்டு போனேன். அதிகாரியின் அறை வாசலில் ஆள் இல்லை. என்ன அதிர்ஷ்டம் என்று நான் உள்ளே காலை வைத்தேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். ராகு காலமாம். சரி, முடியட்டும் என்று காத்திருந்தோம். ராகு காலம் முடிகிற நேரத்துக்குச் சொல்லி வைத்தாற்போல அதிகாரி மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் வாசலில் பெரிய வரிசை. எங்கள் முறை வந்தபோது அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். எமகண்டம் ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை வரலாம் என்றார். சட்டக் கல்லூரியில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், பஞ்சாங்கத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். வசந்தா பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "என் கல்யாணத்துக்கு மூணு ஜோசியர் சேர்ந்து நேரம் பார்த்தாங்க அண்ணி. இதை எமகண்டத்துலயே போட்டுக்கிறேன்."

எதிரி வாழைப்பழத்தோடு வந்தார்

மனு பாலுவின் கைக்குப் போய்ச் சேர்ந்த அந்த வாரமே, ஒரு மனிதர் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்குமாக மாடிப்படி ஏறி வந்தார். நல்ல உயரம். கையெல்லாம் வெல்டிங் பொறி பட்ட தழும்பு. பழத்தை மேஜை மேல் வைத்துக் கும்பிட்டு, "நான்தான் பாலு" என்றார். எதிர்க்கட்சிக்காரர் கோபமாக வந்து மேஜையைக் குத்துவதைப் பார்த்திருக்கிறேன். பழத்தோடு வந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

அவர்பாட்டுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எப்போது சண்டை வந்தது, யார் என்ன சொன்னார்கள், தான் எங்கே தப்புப் பண்ணினார் என்று எல்லாமே. வசந்தா பக்கம் வாதாட எனக்குத் தேவையானதையெல்லாம் அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவரை நிறுத்துவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "ஐயா, நான் உங்கள் மனைவியின் லாயர். உங்களுக்கு எதிராகத்தான் நான் பேசணும். நீங்க வேற லாயரைப் பிடிங்க" என்றேன்.

ஊர்ப் பெரியவர் வீட்டுக்குப் பஞ்சாயத்துக்கு வருகிற மாதிரி அவர் வந்திருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இரண்டு பக்கமும் கேட்டு நான் தீர்ப்புச் சொல்லுவேன், கேட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டு நிஜமாகவே மனம் நொந்துவிட்டார். வாழைப்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்து, பாதியைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்தார். "ஒரு குடும்பத்துக்கு ஒரு லாயர் போதாதா லாயரம்மா?"

எதிரிக்கு வக்கீல் தேடியவள்

அதோடு விட்டாரா? தினமும் ஷிப்ட் முடிந்து வந்து, இன்று எந்த வக்கீலைப் பார்த்தார் என்று பிலோமினா அக்காவிடம் ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் போவார். ஒருவர் ரொம்பச் சின்னப் பையனாம், மீசைகூட முளைக்கவில்லையாம். இன்னொருவர் இவர் பேசும்போதே கொட்டாவி விட்டாராம். மற்றொருவர், மனைவி மேல் என்னென்ன குறை சொல்லலாம், யோசித்துக்கொண்டு வாருங்கள் என்றாராம். "அவளைப் பத்தி என்ன சொல்றது? நல்லவதான். எனக்குத்தான் அவ அண்ணனைக் கண்டா ஆகாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாராம்.

பிலோமினா அக்கா மாதா கோயிலுக்கு ஒரு வாரம் தவறாதவர். விவாகரத்து மனு டைப் அடிக்க உட்காரும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் தொடங்குவார். புருஷன் பெண்டாட்டி ராசியாகி மனுவைத் திரும்ப வாங்கினால் அவருக்குக் கொண்டாட்டம். அன்று சாயங்காலம் பசாரில் மீன் வாங்கிக்கொண்டு போவார். எனக்குத் தொழில் படுத்துவிடும். இந்தக் கேஸிலும் அவருக்கு ஒரே ஆசை. பாலுவுக்கு மட்டும் கோப்பியில் பால் கொஞ்சம் கூடுதலாக விட்டுக் கொடுப்பார். நானோ அந்த மனிதருக்கு ஒரு வக்கீலைத் தேடி, எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தேன். தன் எதிரிக்கு ஆயுதம் தேடிக் கொடுத்த முட்டாள் இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசியில் ஒருவர் கிடைத்தார். கோவிந்தன் ஆசைப்பட்டாரே, அதே மாதிரி இடிக்குரல் வக்கீல். பிள்ளையை ஜோகூருக்கே கொடுக்க வேண்டும் என்று காரசாரமாகப் பதில் மனுப் போட்டார். இனிமேல் பாலுவோடு நான் நேரடியாகப் பேசக் கூடாது, எதுவானாலும் வக்கீல் மூலமாகத்தான். அதுதான் எங்கள் தொழில் ஒழுங்கு. ஆனால் அந்த இடிக்குரல்காரர் என்னைக் கோர்ட் படிக்கட்டில் பார்த்தபோது குரலை இறக்கிப் பரிதாபமாகச் சொன்னார்: "மிஸ், என் கட்சிக்காரர் வாயைத் திறந்தா உங்க புராணம்தான். பேசாம நீங்களே அவரையும் எடுத்துக்குங்களேன்."

காஸ்வேயில் ஜாம்

டிசம்பர் ஸ்கூல் லீவில், ஒரே ஒரு நாள் அத்தை வீட்டுக்குப் போய் வரட்டும் என்று பாலு கேட்டார். வசந்தா அனுப்பினார். செல்வி அன்று திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. பாலுவின் அக்கா வீட்டுக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் இல்லை. பட்டறையில் கேட்டால் பாலு லீவாம். வசந்தா பேக்டரி யூனிபார்மோடு காலையில் என் ஆபீசுக்கு வந்து நின்றார். கீழே வரமிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் பில்காரரே அழுத அறையில் அந்தப் பெண் அழவில்லை. எனக்குத்தான் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

நான் உடனே சட்டப் புத்தகங்களை எடுத்துப் பரப்பினேன். எனக்குப் பயம் வந்தால் அதுதான் செய்வேன். இங்கே அவசர உத்தரவு வாங்கலாம், ஆனால் அது காஸ்வேக்கு அந்தப் பக்கம் செல்லாது, அங்கே தனியாக மனுப் போட வேண்டும், அதற்கு அங்கே ஒரு வக்கீல் பிடிக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். என் பேச்சு எனக்கே தண்டமாகத்தான் பட்டது. வசந்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சட்டம் இருக்கட்டும் மிஸ். புள்ளை ராத்திரி சாப்பிட்டாளா, அழுதாளான்னு யாராவது சொன்னாப் போதும்."

நடந்து வந்தவர்கள்

அந்த வாரக் கடைசியில், நான் அவசர மனுவின் மூன்றாவது பக்கத்தில் மூழ்கிக் கிடந்தபோது, மாடிப்படியில் கனமான காலடி கேட்டது. பாலு. சட்டையெல்லாம் வேர்வை. தோளில் செல்வி, வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கத்தில். ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கிக்கொள்ளாமல் நான் என்ன செய்தேன் தெரியுமா? நிமிர்ந்து உட்கார்ந்து, "மிஸ்டர் பாலு, உங்க லாயர் இல்லாம நான் உங்களோட பேசக் கூடாது" என்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது. அவர் அசரவில்லை. "நீங்க பேச வேணாம். நான்தானே பேசறேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை பெஞ்சில் கிடத்தினார்.

பிள்ளையை இங்கேயே வைத்துக்கொள்வோம் என்று ஜோகூரில் பாலுவின் அக்கா சொன்னாராம். இவரும் தலையாட்டிவிட்டார். சாயங்காலம் செல்வி, வீட்டுக்குப் போகலாம் என்றதும், "காஸ்வேல ஒரே ஜாம் பாப்பா, நாளைக்குப் போலாம்" என்று சமாளித்திருக்கிறார். மறுநாளும் அதே பொய். அதற்கு மறுநாளும் அதே. செல்வி அழவில்லையாம், அடம் பிடிக்கவில்லையாம். தினமும் சாயங்காலம் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாளாம். அன்று காலையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பஸ்ஸும் காரும்தானேப்பா ஜாம்ல நிக்கும்? நாம நடந்து போயிடலாம்" என்றாளாம். அதற்கு மேல் அவருக்குப் பொய் வரவில்லை. ஜாமே இல்லாத காஸ்வேயில், பஸ்ஸெல்லாம் பக்கத்தில் சர்சர் என்று போய்க்கொண்டிருக்க, மகளோடு இந்தக் கரையில் இருக்கும் உட்லண்ட்ஸ் வரைக்கும் நடந்தே வந்திருக்கிறார். கோவிந்தன் முகத்தில் விழிக்க முடியாது என்பதால் புக்கிட் மேராவுக்குப் போகாமல், அங்கிருந்து பஸ் பிடித்து நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"எழுதிக்குங்க லாயரம்மா. புள்ளை அவகிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்கு வேணும்" என்றார். அவர் வக்கீலுக்குப் போன் போட்டு, அவரையும் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். இடிக்குரல்காரர் தன் கட்சிக்காரரைத் தனியாக அழைத்துப்போய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பாலு அசையவில்லை. சேதி கேட்டு ஓடிவந்த வசந்தா பெஞ்சில் விழுந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். செல்வி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஜாம் இல்லம்மா, அப்பா சும்மா சொன்னாங்க" என்றாள். வசந்தா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று பிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "அவ்வளவு தூரமும் தூக்கிக்கிட்டா வந்தீங்க?" என்றுதான் வசந்தா கேட்டார். பாலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்ல. காஸ்வே முழுக்க அவதான் என்னை இழுத்துக்கிட்டு வந்தா."

நான் கத்தாத கதை

கோர்ட்டில் வாதாட நான் கண்ணாடி முன் நின்று பேசிப் பேசிப் பழகி வைத்திருந்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் எல்லாம் தயார். கோவிந்தனும் அன்று டாக்சியை எடுக்காமல், தன் சிநேகிதர்களோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நானும் அங்கியெல்லாம் மாட்டிக்கொண்டு கம்பீரமாக எழுந்தேன். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டதுதானே என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்றேன். முடிந்தது. விவாகரத்து ஆகிவிட்டது; பிள்ளை அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம். வசந்தா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிளகாய் வாடையே இல்லாத இடம் அது, ஆகவே என் கண் ஏன் கரித்தது என்று கேட்காதீர்கள். வெளியே வந்ததும் கோவிந்தன் தன் சிநேகிதர்கள் முன்னால் முகத்தைச் சுளித்தார்: "தங்கச்சி ஜெயிச்சது சந்தோஷம் லா. ஆனா நீங்க ஒரு வார்த்தைகூடக் கத்தலையே!"

ஞாயிற்றுக்கிழமை

பிள்ளையை எங்கே வைத்துக் கைமாற்றுவது என்பதில் மறுபடியும் ஒரு சண்டை. பாலு புக்கிட் மேரா பிளாக்கின் லிப்டில் கால் வைக்கக் கூடாது என்றார் கோவிந்தன். உட்லண்ட்ஸில் வைத்துக்கொள்ளலாமா என்றால், காஸ்வேக்கு அவ்வளவு பக்கத்தில் பிள்ளையை அனுப்ப வசந்தாவுக்குப் பயம். பாலுவின் அக்காவைக் கண்ணால் பார்க்கவே அண்ணி தயாராக இல்லை. எல்லாரும் ஒரு மனதாக ஒப்புக்கொண்ட ஒரே இடம் என் ஆபீஸ். மறுக்க நினைத்தேன், வேறு இடம் அகப்படவில்லை. பிலோமினா அக்காவுக்கு ஞாயிறு பூசை, அவர் வர முடியாது. வேறு யார் கதவைத் திறப்பது? வாரம் முழுக்க மற்றவர்கள் குடும்பத்தைப் பிரித்தவள், ஞாயிற்றுக்கிழமை காலையிலும் என் ஆபீஸ் இருந்த தேக்கா வட்டாரத்துக்கு பஸ் ஏறினேன்.

வசந்தா பிள்ளையை விட்டுவிட்டு ஓவர்டைமுக்கு ஓடுவார். பாலு வரத் தாமதமாகும். அப்போதெல்லாம் நிஜமாகவே காஸ்வேயில் ஜாம். செல்வியும் நானும் கடையில் வாங்கிய தோசையைப் பிரித்துத் தின்றுகொண்டு காத்திருப்போம். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லுவாள். "உங்களுக்கு என்ன பிரச்சினைம்மா?" என்று என் குரலிலேயே கேட்பாள். அந்தச் சனியன் பிடித்த பெஞ்சு எப்படி முதுகை வாங்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாரத்தில் வேறு எந்த நாளும் நான் அந்த அளவுக்குச் சிரித்ததில்லை. சனிக்கிழமை ராத்திரியே மறுநாள் என்ன வாங்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு படியில் அப்பாவின் காலடி கேட்டதும் செல்வி பையைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் ஓடினாள். ஓடினவள் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் தோசை இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது, என் கண் கரித்ததற்கு மிளகாய் மேல் பழியைப் போடவும் வழியில்லை. "என்னைக் கூட்டிட்டுப் போக அப்பா வந்துட்டாங்க, சாயந்திரம் அம்மா வருவாங்க. உங்களைக் கூட்டிட்டுப் போக யார் வருவாங்க ஆன்ட்டி?"

எத்தனையோ பேருக்கு வாதாடி ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடுத்த எனக்கு, எனக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு மனுப் போட ஒரு நல்ல வக்கீல்தான் கடைசி வரைக்கும் அகப்படவில்லை.